ரெண்டாவது காடி பழசா இருந்தா என்ன? பிள்ளையாருக்கு மூஞ்சூறுதானே வாகனம்!

பதிவு கொஞ்சம் நீளம். வேலைக்குப் போற அவசரத்துல படிக்க வேணாம். ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க. காடி வாங்கற யோசனையில இருக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்ல எனக்கு பார்க்கிங் சேவை. வாசல்ல வாகன பூசைக்கு ஒரு புது காடி வந்து நின்னுச்சு. சீட்டுல பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கல. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. குடும்பமே நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நல்ல விஷயம். அவங்க நல்லா இருக்கணும்.

அதே நேரத்துல ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், மனைவி கைக்குழந்தையோட வந்தாரு. காடியை வாசலுக்குக் கொண்டு வராம, தெருக்கோடியில மரத்தடியில போட்டுட்டு நடந்து வந்தாரு. கையில ஒரு பையில நாலு எலுமிச்சம்பழம். என்கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "அங்கிள், பழைய காடிக்கெல்லாம் பூசை போடுவாங்களா? பதினஞ்சு வருஷத்துக் காடி. செகண்ட் ஹேண்ட்தான் வாங்கினோம்."

எனக்கு மனசு சங்கடமாப் போச்சு. எலுமிச்சம்பழத்தைப் பையில ஒளிச்சு வச்சுக்கிட்டு வர்ற அளவுக்கு இதுல என்ன வெட்கம்? "தம்பி, இங்க உள்ளே உக்காந்திருக்கிறவரைப் பாருங்க. அவ்வளவு பெரிய உருவம், அவரே மூஞ்சூறு மேலதான் போறாரு. அவருக்கே வெட்கம் இல்ல, உங்களுக்கு ஏன்?"ன்னு சொன்னேன். அந்தத் தங்கச்சி சிரிச்சிடுச்சு. காடியை வாசலுக்கே கொண்டு வரச் சொல்லி, ஐயர்கிட்ட சொல்லி பூசை போட வச்சேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு குடும்பத்துக்கு தினமும் ஓட்ட ரெண்டாவது காடி கட்டாயம் வேணும்னா, கைக்காசுக்கு ஒரு பழைய காடி வாங்கறது அவமானம் இல்ல, புத்திசாலித்தனம். ஆனா பழைய காடி வாங்கறவங்க ரெண்டு கடமையை ஏத்துக்கணும். வாங்கறதுக்கு முன்னால கண்ணைத் திறந்து பார்க்கணும். வாங்கின பிறகு கையைத் திறந்து செலவு பண்ணணும். இந்த ரெண்டும் முடியாதுன்னா வாங்காதீங்க.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. எஸ்.பி.எம். முடிச்சிட்டு தொழிற்சாலைக்குள்ள போனவன், இன்னிக்கு சூப்பர்வைசர். மிஷின் எப்படிக் கெட்டுப்போகும், எப்படிப் பார்த்துக்கிட்டா ஓடும்னு முப்பது வருஷமாப் பார்க்கிறேன். அந்த அனுபவத்துலதான் எழுதறேன்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எனக்கு வேலை ஷா ஆலம்ல, ஷிப்ட் வேலை. ரொம்ப காலம் ஒரே காடிதான். மனைவி வேலைக்கு எல்.ஆர்.டி.லதான் போவாங்க. கிளானா ஜெயா தடத்துல 1998ல ரயில் ஓட ஆரம்பிச்சதுலேருந்து எங்க குடும்பத்துக்கு அதான் பெரிய உதவி. மகள் தாதியா வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சிக்கல். மருத்துவமனை கிள்ளான்ல. காலை ஷிப்டுக்குப் போகணும்னா விடியறதுக்கு முன்னால கிளம்பணும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கண்ணே திறக்காது. அந்த நேரத்துக்கு ஒத்துவர்ற மாதிரி ரயிலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. கிரேப் எடுத்தா சம்பளத்துல பாதி அதுக்கே போகும். மோட்டார் சைக்கிள் வாங்கித் தரேன்னு சொன்னேன். கூட்டரசு நெடுஞ்சாலையில மழையில, இருட்டுல, லோரிக்குப் பக்கத்துல நம்ம பொண்ணு மோட்டார்ல போறதை நினைச்சு மனைவி ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாங்க. ஆக, ரெண்டாவது காடி ஆடம்பரம் இல்ல. தேவை.

உடனே சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது, "புதுசா எடு. மாசக் கட்டுதானே, மகள் சம்பளத்துல கட்டிடலாம்." நானும் ஒரு நோட்டுப் புத்தகத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் புரியட்டும்னு ரவுண்டா சொல்றேன்.

காடி விலை 50,000 வெள்ளி. முன்பணம் 5,000. மீதி 45,000 கடன். வருஷத்துக்கு 3 விழுக்காடு வட்டின்னு வச்சு ஒன்பது வருஷத்துக்குப் போட்டா வட்டி மட்டும் 12,150 வெள்ளி. மொத்தம் 57,150. அதை 108 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் ஏறக்குறைய 529 வெள்ளி. காப்புறுதி, சர்வீஸ் எல்லாம் தனி. என் மகளுக்கு அப்போ வயசு 24. கடன் முடியும்போது 33. நடுவுல கல்யாணம், பிள்ளை, வீடு எல்லாம் வரும். எல்லாத்துக்கும் முன்னால இந்த 529 நிக்கும்.

பழைய காடி கணக்கு இது. 2010ஆம் வருஷத்துக் காடி, 11,500 வெள்ளி, கைக்காசு. வாங்கின முதல் மாசமே நாலு டயர், பேட்டரி, பிரேக் பேட், முன்பக்க அப்சோபர், எல்லா எண்ணெயும் மாத்தினதுல 2,350. ஆக 13,850. அதுக்கு மேல மாசம் 300 வெள்ளி ஒரு டின்னுல போடறோம். டின்னு மேல "காடி" ன்னு எழுதி ஒட்டியிருக்கு, வேற எதுக்கும் தொடக்கூடாது. ஒன்றரை வருஷத்துல டின்னுல விழுந்தது 5,400. செலவானது 2,900. மீதி 2,500 இன்னும் டின்னுலதான் இருக்கு.

"அண்ணே, புது காடிக்கு மறுவிற்பனை விலை இருக்கு, அதையும் கணக்குல சேர்க்கணும்"னு சிலர் சொல்லுவாங்க. சரிதான், ஒத்துக்கறேன். மொத்தக் கூட்டலை மட்டும் வச்சு வாதாட நான் வரல. வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. ஒரு மாசம் ஓ.டி. இல்லன்னா டின்னுல 300க்குப் பதிலா 100 போடலாம். டின்னு கோவிச்சுக்காது. பேங்க் அப்படி இல்ல. 2020ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தப்ப ஏப்ரல்லேருந்து ஆறு மாசம் கடன் தவணையை ஒத்தி வச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு? எங்க லைன்ல வேலை செஞ்ச ரெண்டு பிள்ளைங்களுக்கு ஓ.டி. திரும்பி வரல, கட்டு மட்டும் திரும்பி வந்துச்சு. ஒருத்தனோட காடியை வேலை இடத்து வாசல்லேயே வந்து இழுத்துட்டுப் போனாங்க. அன்னிக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்தவன் நான். நாலு பேர் பார்க்க புது காடியில வர்றது பெருமைன்னா, நாற்பது பேர் பார்க்க அது போறது என்ன?

இன்னொண்ணும் சொல்லணும். சின்னக் காடி, பழைய காடி எல்லாம் நமக்குப் புதுசா? 1985 ஜூலையில புரோட்டோன் சாகா வந்தப்ப நான் சின்னப் பையன். எங்க தாமான்ல யாராவது சாகா வாங்கினா தெருவே வந்து தொட்டுப் பார்க்கும். அப்புறம் 1994 ஆகஸ்ட்ல பெரோடுவா கன்சில் வந்துச்சு. 660 சி.சி. பெரோடுவாங்கிற பேருக்கே அர்த்தம் ரெண்டாவது கார் நிறுவனம்னுதான். கன்சில்னா சருகுமான். பேருக்கேத்த மாதிரி சின்னது, எந்தச் சந்துலயும் நுழையும். எத்தனையோ நம்ம வீடுகள்ல அப்பா வேலைக்கு ஒரு காடி, அம்மா பிள்ளைங்களைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு போக ஒரு கன்சில். அதுல படிக்கப் போன பிள்ளைங்கதான் இன்னிக்கு டாக்டரும் வக்கீலும். அப்போ யாரும் காடியோட வயசைக் கேக்கல.

சரி, இப்போ என் தப்பையும் சொல்லணும். இல்லன்னா உபதேசம் மட்டும் பண்றேன்னு ஆயிடும்.

இந்தக் காடிக்கு முன்னாலயே, 2022 நடுவுல, மகள் பயிற்சியில இருந்தப்பவே நான் ஒரு பழைய காடி வாங்கி ஏமாந்தேன். பளபளன்னு இருந்துச்சு. சந்தை விலையை விட 3,000 வெள்ளி குறைவு. உள்ளே வாசனைத் திரவியம் அடிச்சு மல்லிகைப்பூ கடை மாதிரி மணக்குது. நானும் சந்தோஷமா வாங்கிட்டேன். எந்த மாதிரி வருஷத்துல வாங்கறோம்னு யோசிக்கல. அதுக்கு ஆறு மாசம் முன்னாலதான், 2021 டிசம்பர் 18, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முழுக்க வெள்ளம். கூரை வரைக்கும் தண்ணி ஏறின வீடுகளை நாம எல்லாரும் பார்த்தோம். நம்ம கோவில்லேருந்தும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போனோம். தெருவெல்லாம் சேத்துல புதைஞ்ச காடிங்க. அந்தக் காடிங்க எல்லாம் எங்கே போச்சுன்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும்.

மூணாவது மாசம் டேஷ்போர்டுல எல்லா விளக்கும் தீபாவளி மாதிரி எரிய ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் ராத்திரி என் மனைவியும் எங்கம்மாவும் கிள்ளான்ல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வரும்போது, நெடுஞ்சாலை நடுவுல இஞ்சின் நின்னு போச்சு. லைட்டும் இல்ல, சிக்னலும் இல்ல. பின்னால லோரி வருது. எங்கம்மாவுக்கு அப்போ 78 வயசு. யாரோ ஒரு மலாய்க்காரப் பையன் மோட்டாரை நிறுத்தி, கைப்பேசி விளக்கைக் காட்டி, காடியை ஓரமாத் தள்ளி விட்டிருக்கான். அவன் யாருன்னே தெரியாது. இன்னிக்கும் அர்ச்சனை சீட்டு எழுதும்போது மனசுல அவனையும் சேர்த்துக்குவேன்.

மறுநாள் போர்மேன் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினாரு. அடியில காஞ்ச சேறு. சீட் தண்டவாளம் முழுக்கத் துரு. விலையில மிச்சம் பிடிச்ச 3,000த்துக்காக வீட்டுல ரெண்டு உயிரை நடுரோட்டுல நிறுத்திட்டேன். வித்தவர் மேல எனக்குக் கோபம் உண்டு. ஆனா கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காதது நான்தானே.

அதனால, பார்க்கத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெள்ளத்துல நின்ன காடின்னா உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில சேத்துக் கறை கோடு போட்ட மாதிரி இருக்கும். மேல உள்ளதைக் கழுவுவாங்க, அதைக் கழுவ மறந்துடுவாங்க. ஸ்பேர் டயர் வைக்கிற குழியைப் பாருங்க. லைட்டுக்குள்ள ஈரப்பதம் தேங்கியிருக்கான்னு பாருங்க. வாசனை ரொம்ப அதிகமா இருந்தா எதை மறைக்கிறாங்கன்னு கேளுங்க.

காலையில இஞ்சின் ஆறிப்போய் இருக்கும்போது போங்க. நீங்க வர்றதுக்கு முன்னாலயே சூடாக்கி வச்சிருந்தா, இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. எண்ணெய் மூடியைத் திறந்தா பால் கலந்த கோப்பி மாதிரி இருந்தா, தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்குன்னு அர்த்தம். ஏர்கோன் போட்டு இருபது நிமிஷம் ஜேம்ல ஓட்டிப் பாருங்க. சூடு ஏறுதான்னு அப்பத்தான் தெரியும். நம்ம ஊர் வெயிலுக்கும் ஜேமுக்கும் ரேடியேட்டர்தான் முதல் பரீட்சை.

மீட்டர்ல 80,000 கிலோமீட்டர்னு இருக்கும், பிரேக் மிதி ரப்பர் தேஞ்சு வழுக்கும், ஸ்டீயரிங் தோல் உரிஞ்சிருக்கும். அப்போ எது பொய் சொல்லுதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. டயர்ல நாலு எண் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷத்தோட 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பூ இன்னும் தேயலன்னாலும் வயசான டயர் வெடிக்கும்.

டைமிங் பெல்ட்டா, செயினான்னு கேளுங்க. முதல் தலைமுறை மைவி 1.3ல செயின். சாகா பி.எல்.எம்.ல பெல்ட். பெல்ட்னா குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். ஓடும்போது அறுந்தா இஞ்சினே போகும். எப்போ மாத்தினாங்கன்னு ரசீது இல்லன்னா, மாத்தலன்னு வச்சுக்கிட்டு அந்தச் செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்க.

இதெல்லாம் பார்க்கத் தெரியாதுன்னா, நூறு இருநூறு வெள்ளி கொடுத்து உங்க போர்மேனைக் கூட்டிக்கிட்டுப் போங்க. விக்கிறவர் சொல்ற போர்மேன் வேணாம். உங்க போர்மேன். எங்களுக்கு ஓல்ட் டவுன் பக்கத்துல ஒரு சீன அங்கிள் இருக்காரு. இந்தக் காடிக்கு முன்னால நாங்க பார்த்த மூணு காடியை வேணாம்னு தலையாட்டிட்டாரு. அந்தத் தலையாட்டலுக்குத்தான் காசு கொடுத்தேன், ஒரு காசும் வீண் இல்ல.

எவ்வளவு பழசு வரைக்கும் போகலாம்? இதுல நான் கண்டிப்பானவன். மேல கன்சிலைப் பத்திப் பாசமாச் சொன்னேன். ஆனா இன்னிக்கு என் மகளைக் கன்சில்ல கிள்ளானுக்கு அனுப்ப மாட்டேன். அதுல ஏர்பேக் இல்ல, ஏ.பி.எஸ். இல்ல. தாமானுக்குள்ள சந்தைக்கும் கோவிலுக்கும் போக அது போதும். தினமும் நெடுஞ்சாலைன்னா குறைஞ்சது ரெண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கணும். ஒரே மாடல்லயே விலை கூடின வகையில இருக்கும், விலை குறைஞ்ச வகையில இருக்காது. பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

ஏர்பேக் இருந்தா மட்டும் போதாது. தக்காத்தா நிறுவனம் செஞ்ச ஏர்பேக் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. உள்ளே இருக்கிற மருந்து பல வருஷம் வெப்பத்துலயும் ஈரத்துலயும் கெட்டுப்போய், விபத்துல வெடிக்கும்போது இரும்புத் துண்டைத் தெறிக்க விடும். நம்ம ஊர் வெப்பமும் ஈரமும் சொல்லவே வேணாம். 2014லேருந்து மலேசியாவிலயும் இதனால உயிர் போயிருக்கு. ஹோண்டா, டொயோட்டா, நிசான்னு பல நிறுவனங்கள் அந்தக் காடிங்களைத் திரும்ப அழைச்சு இலவசமா மாத்திக் கொடுக்கறாங்க. பழைய காடி வாங்கற அன்னிக்கே அந்த நிறுவனத்தோட இணையதளத்துல சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. காசு செலவு இல்ல, உயிர்ச் செலவு மிச்சம்.

அடுத்தது பத்திரம். சம்போங் பாயார்னு ஒண்ணு நம்ம பிள்ளைங்க நடுவுல ரொம்பப் பரவியிருக்கு. ஒருத்தர் பேர்ல இருக்கிற கடனை இன்னொருத்தர் கட்டிக்கிட்டு காடியை ஓட்டறது. தயவுசெஞ்சு கிட்டயே போகாதீங்க. 1967ஆம் வருஷத்து வாடகைக் கொள்முதல் சட்டப்படி அது குற்றம். நீங்க ஒழுங்கா கட்டினாலும் காடி உங்களுது ஆகாது. அவர் பேர்ல சம்மன், அவர் பேர்ல காப்புறுதி. விபத்துன்னு வந்தா ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும்.

ஒழுங்கான வழி, ஆய்வு மையத்துல பரிசோதனை, ஜே.பி.ஜே.ல பெயர் மாற்றம், கிரான் உங்க பேர்ல. பேங்க் உரிமை இன்னும் அதுல இருக்கான்னு பாருங்க. பரிசோதனையில பாஸ் ஆனதால இஞ்சின் நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. அங்க பார்க்கறது சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர், சாலையில ஓட்டலாமாங்கிறது. கியர் இன்னும் எத்தனை வருஷம் வரும்னு அவங்க சொல்ல மாட்டாங்க.

சாலை வரி சின்னக் காடிக்கு அதிகம் இல்ல. தீபகற்பத்துல 1,000 சி.சி. வரைக்கும் 20 வெள்ளி, 1,300 சி.சி.க்கு 70 வெள்ளி. காப்புறுதியிலதான் கவனம் வேணும். உங்க முதல் காடிக்கு 55 விழுக்காடு என்.சி.டி. இருந்தாலும் ரெண்டாவது காடி பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிக்கும். சாதாரண முழுக் காப்புறுதியில வெள்ளம் சேராது, தனியாக் காசு கட்டிச் சேர்க்கணும். பத்து வருஷத்துக்கு மேலான காடியை மோதி, புது உதிரிப்பாகம் போட்டா, அந்தப் பாகத்தோட விலையில 40 விழுக்காடு வரைக்கும் நம்ம கையிலேருந்து கேப்பாங்க. முன்னாலயே தெரிஞ்சுக்கிட்டா அப்போ சண்டை வராது.

இப்போ நான் கொஞ்சம் திட்டு வாங்கற கருத்து ஒண்ணு சொல்றேன். 2009 அக்டோபர்ல, 15 வருஷத்துக்கு மேலான காடிங்க எல்லாம் வருஷா வருஷம் கட்டாயப் பரிசோதனைக்குப் போகணும்னு அரசாங்கம் அறிவிச்சாங்க. ஏழைங்க வயித்துல அடிக்கிறாங்கன்னு நாடே கத்துச்சு. நானும் கத்தினேன். கொஞ்ச நாள்லேயே அதைக் கைவிட்டாங்க. லோரிக்கும் பஸ்ஸுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. நம்ம சொந்தக் காடிக்கு, விக்கிற வரைக்கும் யாரும் பார்க்கறதில்ல. அன்னிக்கு நாம ஜெயிச்சோம்னு நினைச்சேன். அம்மாவும் மனைவியும் நெடுஞ்சாலையில நின்ன அந்த ராத்திரிக்குப் பிறகு அப்படி நினைக்கல. யாரும் கட்டாயப்படுத்தலன்னா நம்மளே கட்டாயப்படுத்திக்கணும்.

எங்க வீட்டுல இப்போ ஒரு வழக்கம். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் காடி போர்மேன்கிட்ட போகும். பிரேக், டயர், பெல்ட், ஹோஸ், அப்சோபர் எல்லாம் பார்த்து, மாத்த வேண்டியதை மாத்தின பிறகுதான் மாலை. தொழிற்சாலையிலயும் அப்படித்தான். மிஷினைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, பிறகுதான் சந்தனம் வைப்போம். துரு மேல சந்தனம் வச்சா துரு போயிடுமா? பிரேக் தேஞ்ச காடியில எலுமிச்சம்பழத்தை மட்டும் நசுக்கிட்டு "பிள்ளையார் பார்த்துக்குவாரு"ன்னு போறது பக்தி இல்ல. நம்ம சோம்பேறித்தனத்தை அவர் தலையில கட்டறது. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழறவங்க நம்மள்ல நிறைய பேர். 11,500க்கு காடி வாங்குவோம், 180 வெள்ளி பிரேக் பேடுக்கு அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொல்லுவோம்.

எல்லாருக்கும் இது பொருந்தும்னும் சொல்ல மாட்டேன். தேசா மெந்தாரி மாதிரி அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கு முதல் காடிக்கே இடம் கிடைக்கறது கஷ்டம். ரெண்டாவதை வாங்கி அடுத்தவங்க காடியை மறிச்சுப் போட்டா தினமும் சண்டைதான். ரயில்ல போக வழி இருக்கிறவங்க, 50 வெள்ளி மாதப் பாஸ் எடுத்தா போதும், ரெண்டாவது காடியே வேணாம். உடம்பு முடியாத பெரியவங்களை அடிக்கடி மருத்துவமனைக்குக் கொண்டு போறவங்க, நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டறவங்க, நடுவழியில நிக்க முடியாதவங்க. அவங்களுக்கு வசதி இருந்தா புதுசு வாங்கறது தப்பே இல்ல. புது காடி வாங்கறவங்களை நான் குறை சொல்லல. முடியாதவங்க முடியற மாதிரி காட்டிக்கறதுக்காகக் கடன்ல விழறதைத்தான் சொல்றேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அதோட, நம்ம கோவிலுக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துலயும் திருவிழாவுலயும் ஒருத்தர் இறங்கி வரும்போது முதல்ல அவர் காடியைப் பார்க்கற பழக்கத்தை விடுவோம். "இன்னும் இதே காடிதானா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறோம் பாருங்க, அந்த ஒரு வார்த்தைதான் ஒன்பது வருஷக் கடன்ல போய் ஒருத்தரைக் கையெழுத்துப் போட வைக்குது. பிள்ளைங்க தானா ஏமாறல, நம்ம வாயும் அதுல ஒரு பங்கு. நானும் அப்படிக் கேட்டிருக்கேன். இனிமே கேக்க மாட்டேன்.

அந்தத் தம்பி கதையை முடிக்கிறேன். பூசை முடிஞ்சு எலுமிச்சம்பழம் நசுங்கி, காடி ஒரு அடி முன்னால நகர்ந்தப்ப, முன் சக்கரத்துக்கிட்டேருந்து கீச்சுன்னு ஒரு சத்தம். நான் காதை வச்சுக் கேட்டேன். "தம்பி, பிரேக் பேட் எப்போ மாத்தினீங்க?"ன்னேன். தெரியல அங்கிள்னாரு. ஓல்ட் டவுன் சீன அங்கிள் நம்பரைக் கொடுத்து, "நாளைக்கே போங்க. பூசை பாதிதான் முடிஞ்சிருக்கு, மீதி பாதி அங்கே"ன்னு சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. தகடு வரைக்கும் தேஞ்ச பழைய பேடும், பக்கத்துல புதுசும். கீழ, "நன்றி அங்கிள். குழந்தையோட ஓட்டியிருக்கேன் இத்தனை நாளா"ன்னு எழுதியிருந்தாரு.

அதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. அந்தப் பிள்ளை தெருக்கோடியில காடியை ஒளிச்சுட்டு, பூசை வேணாம்னு திரும்பிப் போயிருந்தா அந்தச் சத்தத்தை யாரு கேட்டிருப்பா? அதனால சொல்றேன். பழைய காடியை ஒளிக்காதீங்க. வாசலுக்கே கொண்டு வாங்க. நாலு பேர் கண்ணுல படட்டும், நாலு பேர் காதுல விழட்டும். நாங்க தொண்டர்கள் இருக்கோம்.

தெரிஞ்சதை எழுதினேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க. உங்க அனுபவத்தையும் கீழ எழுதுங்க, அடுத்தவங்களுக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் கோவில்ல துப்புரவுப் பணி இருக்கு. கை கொடுக்க முடிஞ்சவங்க வாங்க. எந்தக் காடியில வந்தாலும் பார்க்கிங்ல நான் இடம் காட்டறேன்.

விநாயகர் துணை.